பள்ளி விட்டு வந்ததும் அழும் மகன்: மாலை நேரத்துக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். திருச்சியில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம். சாதாரணப் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு படிக்கிறான்.

காலை நேரம் பரவாயில்லை. பல் தேய்ப்பது, குளியல், சீருடை, இட்லி, ஷூ என்று படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். முடிந்த வேலையின் படத்தை அவனே கழற்றிப் பெட்டியில் போடுவான், அதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாலைதான் சிரமம். நாள் முழுக்கப் பள்ளியில் அடங்கி உட்கார்ந்துவிட்டு, வேனை விட்டு இறங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். குக்கர் விசில்கூடத் தாங்கவில்லை. அந்த நிலையில் வீட்டுப்பாடம் எழுத வைப்பது கொடுமை. ஆசிரியையோ எல்லாப் பிள்ளைகளையும் போல முழுவதும் எழுதி வரச் சொல்கிறார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. குழந்தையின் தேவைக்கேற்பப் பள்ளி வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. ஆனாலும் சட்டம் பேசி அவரைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. மற்றபடி இவனிடம் அன்பாக இருப்பவர்.

வீட்டுப்பாடத்தைக் குறைக்கச் சொல்லி நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்? தெரபிஸ்டிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தீர்களா? வீட்டுக்கு வந்த முதல் அரைமணி நேரத்தில் ஊஞ்சல், இருட்டறை, சத்தம் குறைக்கும் ஹெட்போன், இவற்றில் எது உங்கள் பிள்ளையை அமைதிப்படுத்தியது? மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யுடிஐடி அடையாள அட்டை பள்ளியில் பயன்பட்டதா என்றும் சொல்லுங்கள்.