குடும்பத்தோடு சிங்கப்பூர் போவதா வேண்டாமா: எங்கள் வீட்டில் நடந்தது

வெளிநாட்டு வேலை வந்திருக்கிறது, குடும்பத்தோடு கிளம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2024-ல் இதே பேச்சுதான் எங்கள் வீட்டில் ஐந்து மாதம் ஓடியது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நாங்கள் திருச்சி. கணவர் பாய்லர் குழாய் வடிவமைப்பில் இருக்கிறார், நான் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சர், 12 வருட சர்வீஸ். பெண் ஐந்தாவது, பையன் யுகேஜி, கூடவே என் மாமியார். சிங்கப்பூர் கம்பெனி ஒன்று மாதம் 7,500 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று ஆஃபர் அனுப்பியது. அப்போது ஒரு வெள்ளி 62 ரூபாய்க்குப் பக்கம். கணவர் போனில் பெருக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் பக்கம் திருப்பிக் காட்டினார். நாலரை லட்சத்துக்கு மேல். அன்று ராத்திரி இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை.

சம்பளத்தை ரூபாயில் பெருக்கினோமே தவிர செலவை வெள்ளியில் கழிக்கவில்லை. பிள்ளைகளோடு இருக்கிற மாதிரி வீவக வீடு (அங்கே அரசு கட்டிய அடுக்குமாடி வீடு) என்றால் வாடகையே 3,000 வெள்ளி. அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தாலும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு மாதம் 800 வெள்ளிக்கு மேல் கட்டணம், இந்தியப் பாடத்திட்டப் பள்ளி என்றால் இன்னும் கூடுதல். அதிலும் எங்கள் பெண் வயதுக்கு ஆங்கிலம், கணக்கு இரண்டிலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், பாஸ் ஆனாலும் காலி இடம் இருந்தால்தான். இப்படி வேலை பாஸில், அதாவது அங்கே வேலை பார்க்கும் அனுமதியில், போகிறவருக்கு நம் பிஎஃப் மாதிரியான சிபிஎஃப் கிடையாது, மருத்துவச் செலவில் அரசு மானியமும் கிடையாது. எல்லாம் போக மிச்சம் நிற்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் சம்பளம் நின்றுவிடும் என்பதையும் சேர்த்தால் அந்த மிச்சம் பாதியாகிவிட்டது.

என் சம்பளம் ஏன் நிற்கும் என்றால், மனைவிக்குக் கிடைக்கிற டிபெண்டன்ட் பாஸை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்க முடியாது. 2021 மே மாதத்திலிருந்து நமக்கென்று தனியாக ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும், அதற்கு ஒரு முதலாளி நமக்காக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல்தான் நான் ராஜினாமா கடிதம் வரைக்கும் மனதில் எழுதி வைத்திருந்தேன்.

அப்புறம்தான் போனவர்களையே நேரில் பார்த்துக் கேட்போம் என்று கிளம்பினோம்.

முதலில் பார்த்தது, கணவருக்குத் தெரிந்த ஓர் அண்ணன், ஏழு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். உறையூரில் வீடு. கம்பெனி ஆள் குறைத்தபோது இவர் பெயரும் வந்திருக்கிறது. வேலை போனால் பாஸ் ரத்து, அதோடு மனைவி பிள்ளைகள் பாஸும் போய்விடும், கையில் 30 நாள். "தங்கச்சி, பிரிட்ஜ், சோபா எல்லாம் ஒரே வாரத்தில் வித்துட்டோம், அது கஷ்டமே இல்லை" என்றார். கஷ்டமாக இருந்தது எது என்று அவர் மனைவிதான் சொன்னார். மகள் தன் நோட்டுப் புத்தகங்களை எல்லாம் கட்டி லக்கேஜ் தராசில் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறாள். 11 கிலோ. அதில் நாலு கிலோதான் எடுத்து வரலாம் என்று அம்மா சொல்ல, அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டாகப் பிரித்துப் பார்த்து, டீச்சர் நட்சத்திரம் ஒட்டிய பக்கங்களை மட்டும் ஸ்கேலை வைத்துக் கிழித்து அடுக்கினாளாம். இதைச் சொல்லும்போது அந்த அக்கா கையில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

மே லீவில் நாங்கள் நாலு பேரும் ஒரு வாரம் போய்ப் பார்த்தோம். இதை எல்லோருக்கும் சொல்வேன், சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள், ஒரு குடும்பத்தின் வீட்டில் சாதாரண நாளில் போய் உட்காருங்கள். செங்காங்கில் என் கல்லூரித் தோழி வீட்டில் இருந்தோம். அவள் மருந்தாளுநர், இங்கே பெரிய மருத்துவமனையில் இருந்தவள், அங்கே நாலு வருடமாக வீட்டில். காலை பதினொரு மணிக்கு, ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிற மூங்கில் கழியில் துணியைக் கோத்து நீட்டிவிட்டு, "இத்தோட இன்னிக்கு வேலை முடிஞ்சுதுடி" என்றாள். முகத்தில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவள் மகள் பத்து வயதில் தனியாக பஸ் ஏறிப் பள்ளிக்குப் போய் வருகிறாள், ராத்திரி பதினொரு மணிக்கு இவள் நடந்து போய்ப் பால் வாங்கி வருகிறாள், பள்ளியில் மகள் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கிறாள். எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பலகையில் தமிழைப் பார்த்துவிட்டு என் பெண் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். இதெல்லாம் உண்மையான நன்மைகள், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்து ஒரு வேலை செய்தோம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று காலையிலிருந்து ராத்திரி வரை எழுதினோம். கணவருடைய நாள் நிரம்பி இருந்தது. பிள்ளைகளுடையதும் பரவாயில்லை. என்னுடையது காலை எட்டரைக்கு மேல் மூன்று வரி. அத்தையுடையதை எழுதவே முடியவில்லை. பெற்றோருக்கு நீண்ட கால பாஸ் கேட்க 12,000 வெள்ளி சம்பளம் வேண்டும், நமக்கு வந்ததோ 7,500.

"நீங்க போங்கம்மா, நான் இருந்துக்குவேன்" என்று அத்தை முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் சொல்லும் இந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு காலை பிரிட்ஜைத் திறந்தால், முட்டை வைக்கும் தட்டில் இருக்கும் அவருடைய இன்சுலின் பேனாக்கள் மீது பிளாஸ்திரி ஒட்டி, எதை எப்போது போட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ராத்திரி ஊசியை அவருக்கு என் பெண்தான் போடுவாள். தனியாகப் போட்டுக்கொள்ளப் பழகிக்கொண்டிருக்கிறார்!

அதைப் பார்த்த பிறகும் உடனே முடிவெடுக்கவில்லை. கணவர் மட்டும் போவது பற்றிப் பேசினோம், அவருக்கே அது பிடிக்கவில்லை. நம் பக்கத்திலிருந்து ஒர்க் பர்மிட் என்ற கீழ்நிலை வேலை அனுமதியில் போகிற ஆயிரக்கணக்கான வெல்டர்களுக்கும் கட்டிடத் தொழிலாளிகளுக்கும் குடும்பத்தை அழைத்துப் போகும் அனுமதியே கிடையாது, அவர்கள் மனைவிமார் இந்தக் கேள்வியைக் கேட்கவே வாய்ப்பில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியில் வேண்டாம் என்று எழுதி அனுப்பினோம். கணவர் இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. என்மேல் கோபமா என்று கேட்டேன், "உன்மேல இல்லை, நாற்பது வயசுல இன்னொரு தடவை வருமான்னு தெரியலை" என்றார். அந்த வருத்தம் நியாயம்தான், இன்னும் முழுசாகப் போகவில்லை. போகாமல் இருப்பதற்கும் விலை உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

எதிர்வீட்டுத் தம்பியின் குடும்பம் போன வருடம் அங்கேயே போனது, அவர்களுக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அவர் மனைவிக்குத் தனியாக வேலையும் பாஸும் கிளம்பும் முன்னாலேயே உறுதியாகிவிட்டது, பெற்றோர் அண்ணன் வீட்டில் இருக்கிறார்கள், குழந்தைக்கு மூன்று வயது.

நீங்கள் எந்த நாடு, பிள்ளைகளுக்கு என்ன வயது என்று எழுதவில்லையே? ஆண் பிள்ளை இருந்து சிங்கப்பூர் என்றால் ஒன்றை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்: உங்களோடு சேர்த்து அவனுக்கும் நிரந்தரவாசம் வாங்கினால், பதினெட்டு வயது வாக்கில் இரண்டு வருடம் தேசிய சேவை (ராணுவம் மாதிரியான கட்டாயப் பணி) செய்ய வேண்டும், செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டால் பின்னாளில் அங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே வரும். வயதைச் சொல்லுங்கள், பள்ளி பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.