புதுப்பிப்பு: அந்தக் 'குட்டிப் பலா' பலாவே இல்லை

போன மாதம், பினாங்கில் வீட்டுப் பக்கத்துச் சந்தையில் பார்த்த ஒரு பழத்தைப் பற்றிக் கேட்டிருந்தேன்: பலா மாதிரியே இருக்கிறது, ஆனால் சுரைக்காய் அளவுதான், வாசனை மட்டும் மூன்று கடை தள்ளி வருகிறது என்று. செம்படாக் என்று சொன்னவர்கள் சொன்னதுதான் சரி. பலாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

நேற்று ஒன்று வாங்கினேன். பலா வெட்டுகிற நினைப்பில் கையில் எண்ணெய் தடவி, அரிவாள்மணை இல்லாத குறைக்குப் பெரிய கத்தியோடு உட்கார்ந்தேன். தேவையே இல்லை. தோலில் நீளவாக்கில் ஒரு கீறல், அப்புறம் கையாலேயே விரித்தேன். தோல் தனியாகக் கழன்றுவிட்டது. சுளைகள் நடுத்தண்டில் திராட்சைக் குலை மாதிரி தொங்கின. பாலும் கொஞ்சம்தான்.

சுவை? கெட்டிச் சுளை வருக்கைப் பலாவை எதிர்பார்த்தால் ஏமாற்றம். இது குழைந்த சுளைக் கூழன் பலா பக்கம். கொழகொழவென்று, நாரோடு, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகிறது. நல்ல இனிப்பு, வாசனையில் டுரியான் பழத்தின் சாயல். மூன்று சுளைக்கு மேல் என்னால் முடியவில்லை.

மீதியைக் கடைக்காரம்மா சொன்னபடி கொட்டையோடு மாவில் தோய்த்து பஜ்ஜி போலப் பொரித்தேன். இங்கே தெருவோரம் விற்கும் செம்படாக் கோரெங் இதுதான். வெளியே மொறுமொறு, உள்ளே ஜாம், நடுவில் அவித்த கிழங்கு மாதிரி கொட்டை. அது வேறு ரகம்!

சலாக் என்கிற பாம்புத்தோல் பழத்தையும் சிலர் சொல்லியிருந்தீர்கள். நுனியைக் கிள்ளி உரித்தேன். துவர்ப்பு. இன்னொரு தடவை பார்க்கலாம்.

வீட்டில் வாசனை இன்னும் போகவில்லை. ஃபிரிட்ஜில் இருக்கும் தயிர்கூட இப்போது செம்படாக் தயிர்தான்.