தக்காளி நாளில எங்கட குசினி எங்களுக்கில்லை

வீட்டுச் சொந்தக்காரரோட பட்ட அனுபவத்தை எழுதச் சொல்லி இருக்கிறியள். எனக்கு ஒரே ஒரு ஆள்தான்.

1990இல ரொறன்ரோ வந்து, டஃபரின் - சென் கிளேர் பக்கம் ஒரு இத்தாலிக்காரியின்ர பேஸ்மென்ட்டில ஏழு வருசம் இருந்தனாங்கள். அம்மா, நான், ரெண்டு தங்கச்சிமார். மனுசி கலாப்ரியாவில ஒரு மலைக் கிராமம். 1957இல சற்றூர்னியா எண்ட கப்பலில வந்து ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில பியர் 21 எண்ட இறங்குதுறையில இறங்கி, அங்கையிருந்து ரயிலில வந்தவவாம். தையல் ஃபாக்டரியில வேலை செய்து நாலு பிள்ளையள வளர்த்தவ.

வீட்டில ரெண்டு குசினி. மேல இருக்கிறது வாற ஆக்கள் பாக்க. அந்த அடுப்பில ஒரு கேத்தில்கூட வைச்சு நான் காணேல்லை. சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை, கோடையில இருந்து எழும்பினால் தொடைத்தோல் கழண்டு வரும். சமைக்கிறது, சாப்பிடுறது, சண்டை பிடிக்கிறது எல்லாம் கீழ்க்குசினியில. புருசன் செத்தாப்பிறகு காசுக்காக அந்தக் குசினியைத்தான் எங்களுக்கு விட்டவ. வாடகைக்குத் தந்தவவே தவிர, விட்டுத்தரேல்லை.

அது எங்களுக்கு விளங்கினது முதல் ஓகஸ்ட் மாசம். சனிக்கிழமை விடிய அஞ்சு மணிக்குக் கதவில படபடவெண்டு அடிக்கிற சத்தம். "பொமொதோரி! பொமொதோரி!" ஆரோ செத்துப்போச்சினம் எண்டு அம்மா எழும்பி ஓடினா. வாசலில மகன்மார், மருமக்கள், பேரப்பிள்ளையள், 12 புஷல் கூடை நிறையத் தக்காளிப்பழம். எங்கட சட்டி பானையெல்லாம் அவவின்ர கையாலயே தூக்கி ஒரு மூலையில அடுக்கினா. எனக்குச் சரியான கோவம். வாடகை கட்டிற வீட்டில தேத்தண்ணி வைக்க அடுப்பில்லை!

அம்மாவுக்கு இங்கிலிஷ் வராது, அவவுக்கும் அரைகுறை. அம்மா "இது எங்கட குசினி" எண்டு தமிழிலயே சொன்னா. மனுசி நிண்டு பாத்திட்டு, "சீ, சீ, கூச்சீனா!" (ஓம், ஓம், குசினி) எண்டு சிரிச்சா. அந்த ஒரு சொல்லோட ரெண்டு பேரும் சேர்ந்திட்டினம். (குசினி போத்துக்கீசர் எங்களுக்கு விட்டிட்டுப் போன சொல். இத்தாலிக்காரருக்கும் சொல்லின்ர வேர் ஒண்டுதான்.)

பழத்தைக் கழுவி, வெட்டி, கொதிக்க வைச்சு மெசினுக்குள்ள விட்டால் ஒரு பக்கம் சாறு, மற்றப்பக்கம் தோலும் விதையும். அந்தத் தோலை எறியிறேல்லை, திரும்பவும் மெசினுக்க போடுவினம், இன்னும் கெட்டியாச் சாறு வரும். ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு பேசில் இலை. பிறகு பின்வளவில ஒரு எண்ணெய்ப் பீப்பாய்க்குள்ள போத்தலுகளை அடுக்கி, ஒண்டோட ஒண்டு முட்டி உடையாமல் நடுவில பழைய துணியைச் செருகி, தண்ணி விட்டு அவிப்பினம். அண்டைக்கு அம்மான்ர பழைய சீலையும் ஒண்டு பீப்பாய்க்குள்ள போனது.

பின்னேரம் மனுசி போத்தல் எண்ணுவா. மூத்தவனுக்கு 40, ரெண்டாவதுக்கு 40 எண்டு பிள்ளையளின்ர பேரைச் சொல்லிச் சொல்லி. மூண்டாவது வருசம், எண்ணி முடிச்சுப்போட்டு, ஒண்டும் கதைக்காமல் 12 போத்தலை எங்கட அலுமாரிக்குக் கீழ வைச்சிட்டு மேல போயிட்டா. அந்த வருசம் சரியான தக்காளித் தட்டுப்பாடு எண்டு மகள்காரி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அம்மா அதில மீன்குழம்பு வைச்சு மேல அனுப்பினா. சட்டி கழுவித் திரும்பி வந்தது, உள்ளுக்கு ரெண்டு சுக்கினிக்காய்.

மனுசியின்ர புருசன் நிலத்துக்கடியில குழாய் புதைக்கிற வேலை. 1960 மார்ச் 17இல யங் வீதிப் பக்கம் ஹொக்ஸ் ஹொலோவில, டொன் ஆத்துக்குக் கீழ வெட்டின சுரங்கத்துக்குள்ள நெருப்புப் பிடிச்சு அஞ்சு இத்தாலிப் பெடியள் செத்தவை. ரெண்டு பேர் அண்ணன் தம்பி. அதுக்குப் பிறகுதான் ஒன்டாரியோவில வேலைப் பாதுகாப்புச் சட்டமே மாறத் தொடங்கினது. இவர் வேற இடத்தில வேலை. ஆனால் வீட்டில போன் இல்லை. ராத்திரி ஆள் வந்து சப்பாத்துக் கழட்டும் வரைக்கும் மனுசி வாசல் படியில பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குந்தி இருந்தவவாம். இதைச் சொல்லேக்க அழேல்லை. பாவற்காய் எப்பிடி வெட்டுறது எண்டு அம்மாட்டைக் கேட்டுக்கொண்டே சொன்னா.

* * *

மேல எழுதினதை வாசிச்சன், நான் வேற ஆள். முதியோர் இல்லத்தில பராமரிப்பு வேலை செய்யிறன். எங்கட மாடியிலயும் ஒரு இத்தாலி அம்மா இருந்தவ. மறதி வந்து இங்கிலிஷ் முழுக்கப் போச்சு, ஊர்ப்பேச்சு மட்டும் மிஞ்சினது, மகனுக்கே பாதி விளங்காது. சாப்பாட்டு மேசையில இருந்து ஒவ்வொரு நாளும் ரெண்டு பாண் காணாமல் போகும். கடைசியில பாத்தால் நப்கினில சுத்தி, முடிச்சுப் போட்டு, தலையணைக்குக் கீழ. விடிய வேலைக்குப் போற புருசனுக்காம். நான் அதை எடுத்துக் குப்பையில போட முதல், "அவர் கொண்டு போயிட்டார்" எண்டு சொல்லப் பழகினன். சொன்னால் அண்டைக்கு நித்திரை கொள்ளுவா.

* * *

மேல எழுதின ரெண்டு பேரையும் போல எல்லாருக்கும் இப்பிடி வாய்க்கேல்லை. எங்கட வீட்டுக்காரரும் இத்தாலிதான். கறி மணக்குது எண்டு ஜனவரியில ஜன்னலைத் திறந்து விடச் சொன்ன மனுசன். அவரின்ர தகப்பன் காலத்தில உள்ளி மணக்குது எண்டு இதே ஊரில இவையளைப் பகிடி பண்ணினவை. அதை அவருக்கு ஆர் சொல்லுறது? நான் சொல்லேல்லை, வேற வீடு பாத்தனான்.

* * *

தக்காளிக் கதையை முதல் எழுதினது நான்தான். ஒரு விசயம் விட்டிட்டன். நாங்கள் வந்த வருசம் நவம்பரில, பின்வளவில ஆள் நீளத்துக்கு ஒரு மண்மேடு. நாங்கள் ஊரில கண்டிட்டு வந்த மேடுகள் வேற. அம்மா அண்டைக்குப் பின்கதவைத் திறக்கேல்லை. பிறகுதான் தெரியும், அது அத்திமரம். ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தை மெல்லச் சரிச்சுப் படுக்க வைச்சு, பலகையும் சருகும் போட்டு மண்ணால மூடுறது. ஏப்ரலில தோண்டி நிமித்துவினம்.

நாங்கள் வீடு வாங்கி மாக்கம் போகேக்க அதில ஒரு கொப்பு வெட்டி ஈரத்துணியில சுத்தித் தந்தவ. இப்ப அது என்ர உயரத்தைத் தாண்டிட்டுது. போன கிழமையே மூடி இருக்கவேணும், முதுகு விடுகுதில்லை. ஆரிட்டையும் பழைய பிளைவூட் பலகை இருந்தால் சொல்லுங்கோ, நானே வந்து ஏத்துறன்.