லாபத்தில் ஓடும் ஐடி கம்பெனி ஐபிஓ போகணுமா? பார்த்ததைச் சொல்லுங்க

சரவணம்பட்டிக்காரன்:
இங்கே ஒரு மென்பொருள் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கடன் இல்லை, வெளி முதலீடு இல்லை, வருஷா வருஷம் லாபம். மும்பையிலிருந்து மெர்ச்சன்ட் பேங்கர்கள் (பங்கு வெளியீட்டை நடத்திக் கொடுப்பவர்கள்) வந்து ஐபிஓ போகச் சொன்னார்கள், அதாவது பங்கை முதல்முறையாகப் பொதுமக்களுக்கு விற்றுச் சந்தையில் ஏற்றச் சொன்னார்கள். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பணம் வருது, சரிங்க. அத வாங்கி எங்கீங்க போடறது?" என்றார். நேரான பதில் வரவில்லை. பேச்சு 'ஆஃபர் ஃபார் சேல்' பக்கம் திரும்பியது. புதுப் பங்கு வெளியிடாமல், கையில் இருக்கிற பங்கை விற்பது. அந்தக் காசு விற்றவருக்குத்தான், கம்பெனிக்கு ஒரு ரூபாய் வராது. ஐபிஓ என்றதும் விண்ணப்பம் போடும் நம்ம ஊர்க்காரர்கள் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்று. பங்குச் சந்தைப் பட்டியலில் ஏறிவிட்டால் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் (வருஷத்தின் கடைசிக் காலாண்டுக்கு 60 நாள்) கணக்கை வெளியிட்டாக வேண்டும். எங்களுடைய இப்போதைய முக்கிய புராடக்ட் ஆரம்பத்தில் வெறும் செலவுதான் வைத்தது. அப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் பாதியில் மூடியிருப்போம். 1996-ல் தொடங்கிய ஜோஹோ இன்னும் சந்தைக்கு வராததற்கு ஸ்ரீதர் வேம்பு சொல்லும் காரணமும் ஏறக்குறைய இதுதான்.

ஈரோட்டுப் பொண்ணு:
முதலாளிக்குப் பணம் வேண்டாம், சரிங்ணா. எங்களுக்கு? எங்க கம்பெனியில் ஈசாப் கொடுத்தார்கள், அதாவது முன்பே குறித்த விலையில் கம்பெனிப் பங்கை ஊழியர்கள் வாங்கிக்கொள்ளும் உரிமை. பங்கை எடுத்த அன்றைக்கே, மதிப்புக்கும் நான் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருமான வரி பிடித்தாயிற்று. விற்கத்தான் ஆள் இல்லை. பெருந்துறை ரோட்டில் இடம் பேசினோம். அந்தப் பங்கைக் காட்டினால் எவன் அட்வான்ஸ் என்று ஒத்துக்கொள்வான்? சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் போனபோது ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனதாக வந்த செய்தியை எங்கப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரவணம்பட்டிக்காரன்:
நியாயம்தான். ஆனால் 36 டாலருக்கு வெளியான அந்தப் பங்கு அடுத்த வருஷமே பாதிக்கும் கீழே போனதையும் அப்பாவிடம் சொல்லுங்க. அன்றைக்கே விற்றவருக்கும் பிடித்து வைத்தவருக்கும் கதை வேறு.

எங்கள் ஆபீசிலும் இதே சத்தம் வந்தது. இப்போது லாபத்தில் ஒரு தொகையை ஒதுக்கி, விற்க விரும்புகிறவர்களின் பங்கைக் கம்பெனியே திரும்ப வாங்குகிறது. விலையை வெளி மதிப்பீட்டாளர் போடுகிறார். சந்தைக்குப் போனால் இன்னும் கிடைக்கும் என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. ஆனாலும் சிலர் அந்தக் காசில் வீட்டுக் கடனை அடைத்திருக்கிறார்கள். லாபம் இருக்கிற கம்பெனியால் இதைச் செய்ய முடியும், கேட்டுப் பாருங்க.

ஈரோட்டுப் பொண்ணு:
கேட்டாச்சுங்ணா. போர்டு மீட்டிங்கில் வைக்கிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.