புதுப்பிப்பு: பழைய ரிசீவரில் 5.1 ஒலி கிடைத்துவிட்டது

எச்.டி.எம்.ஐ (படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் இணைப்பு) இல்லாத என் பழைய ரிசீவரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் கருவி) ஆறு அனலாக் உள்ளீடுகளில் புளூ-ரே பிளேயரை இணைத்தும் முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டு மட்டுமே ஒலிக்கின்றன என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பிளேயரின் ஒலி அமைப்பைப் பார்க்கச் சொன்ன யோசனையே பலித்தது: அங்கே 'இரண்டு சேனல்' என்றிருந்ததை 5.1 ஆக (ஐந்து ஸ்பீக்கர்களுக்கும், தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபருக்கும் தனித்தனிச் சேனல்) மாற்றி, ரிசீவரில் பலசேனல் உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்ததும், படத்தின் மழைச் சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து தெளிவாக எழுந்தது. கேபிள்களை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எதிர்பாராதது, சப்வூஃபர் மிக மெலிதாக ஒலித்ததுதான். இந்த உள்ளீட்டில் வரும் ஒலியை என் ரிசீவர், அளவைக் கூட்டிக் குறைப்பதைத் தவிர, எவ்வகையிலும் திருத்துவதில்லை. ஆகவே ஸ்பீக்கர்கள் 'சிறியவை' (அதாவது, அவற்றின் தாழ்ந்த ஒலிகள் சப்வூஃபருக்குப் போகட்டும்) என்பதையும் அவற்றின் தூரத்தையும் பிளேயரிலேயே குறித்து, சப்வூஃபர் சேனலை மட்டும் 10 டெசிபல் உயர்த்திய பிறகே தாழ்ந்த ஒலிகள் சரியாக அமைந்தன.