குழந்தைகள் உள்ள வீடு அப்படித்தான் இருக்குமா?

பாரதி, பல்லாவரம்:
"சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு அப்படித்தான் இருக்கும், விடுங்க" என்ற பேச்சு இப்போது எங்கு போனாலும் காதில் விழுகிறது. நான் இதை ஏற்கவில்லை. எனக்கு நாலு வயதில் ஒரு மகள், இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கும் ஒரு மகன். சின்ன வாடகை வீடுதான். காலையில் பெருக்கித் துடைத்துவிடுவேன். இரவு படுக்கும் முன் விளையாட்டுச் சாமான் எல்லாம் கூடைக்குள் போய்விட வேண்டும். தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும் வயது இது. அந்தத் தரையைக் கவனிக்காமல் விடுவதை அன்பு, சுதந்திரம் என்றெல்லாம் சொல்வது எனக்குச் சோம்பலுக்குப் பெயர் சூட்டுவது போலவே படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

பொருநை, நெல்லை:
சோம்பல் என்று சொன்னீர்கள் பாருங்கள், அது வலிக்கிறது. எனக்கு மூன்று பிள்ளைகள். முற்றத்து மண்ணில் புரண்டுதான் வளர்கிறார்கள். நோஞ்சானாக ஒருவரும் இல்லை. இதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. 1989-ல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர், 1958-ல் பிறந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்தார். பிள்ளைகள் நிறைய இருந்த வீடுகளில் ஒவ்வாமைச் சளி குறைவு. சிறு வயதில் கிருமி பழகாததால்தான் பிற்பாடு உடம்பு தூசிக்கும் மகரந்தத்துக்கும் மிரள்கிறது என்பது அவர் கருத்து. வீட்டை மருத்துவமனை மாதிரி வைத்தால் பிள்ளைக்கு என்ன பழகும்?

பாரதி, பல்லாவரம்:
பொருநை அக்கா, நீங்கள் சொன்ன ஆய்வு அண்ணன் அக்காமார் எத்தனை பேர் என்பதைப் பற்றியது. கூடப் பிறந்தவர்களிடமிருந்து தொற்றுகள் வருவது வேறு, தரையைத் துடைக்காமல் விடுவது வேறு. துடைத்த தரையில் பிள்ளை வளர்ந்தால் ஒவ்வாமை வரும் என்று அதில் எங்கே இருக்கிறது?

பொருநை, நெல்லை:
சரி, வீட்டுத் தூசியைப் பற்றியே சொல்கிறேன். 2016-ல் அமெரிக்காவில் இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்டார்கள். ஆமிஷ், ஹட்டரைட் என்று பெயர். இரண்டுக்கும் மரபு நெருக்கம், உணவும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் மக்கள் வீட்டை ஒட்டிய சிறு பண்ணையில் மாடு, குதிரையோடு வாழ்கிறார்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணை பெரியது, இயந்திரமயமானது, வீட்டிலிருந்து தள்ளி இருப்பது. ஆமிஷ் பள்ளிப் பிள்ளைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் சுமார் 21. ஆமிஷ் வீட்டுத் தூசியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஆஸ்துமா போன்ற அறிகுறிகள் குறைந்தன. தூசி எல்லாமே எதிரி இல்லை, தங்கை.

பாரதி, பல்லாவரம்:
அது மாட்டுத் தொழுவத்துத் தூசி. என் தெருவில் இருப்பது வண்டிப் புகையும், சாக்கடை வாரிப்போட்ட சேறும், நாய் அசிங்கமும். நான் குடியிருக்கும் கட்டடத்தில் பழைய பெயின்ட் செதில் செதிலாக உதிர்கிறது. பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சுவரில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதற்கு உடம்பு பழகவே பழகாது. ஜன்னல் ஓரத்தையும் சுவர் ஓரத்தையும் ஈரத் துணியால் துடைப்பது எனக்குப் பகட்டு இல்லை.

வார்டு அக்கா, மதுரை:
குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் செவிலி நான். மண்ணில் விளையாடிப் படுக்கையில் சேர்ந்த பிள்ளைகளைவிட, வீட்டைச் சுத்தம் செய்ய வாங்கிய பொருளைக் குடித்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் என் மனதில் நிற்கிறார்கள். தெருவில் வண்டியில் வரும் ஃபினாயிலையும் ஆசிட்டையும் பழைய தண்ணீர் பாட்டிலில் வாங்கி, சிங்க்குக்கு அடியில் வைக்கிறோம். வெள்ளை ஃபினாயில் பார்க்கப் பால் மாதிரி இருக்கும். தாகமெடுத்த இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஃபினாயில் என்று எப்படித் தெரியும்? குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் மறுபடியும் தொண்டையைப் பொசுக்கும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடி வாருங்கள்.

அப்புறம், கழிவறை ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றித் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிளம்புவது குளோரின் வாயு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைச் செய்யவே செய்யாதீர்கள். தரைக்குத் தினமும் ஃபினாயில் தேவையில்லை. வெறும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

பாரதி, பல்லாவரம்:
ஃபினாயிலைப் பூட்டி வைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை அக்கா. ஆனால் தினம் துடைக்கத் தேவையில்லை என்கிறீர்களா?

வார்டு அக்கா, மதுரை:
தவழும் பிள்ளை இருந்தால் துடையுங்கள். ஆனால் தரை பளபளக்கிறது என்று மற்றதை மறந்துவிடக் கூடாது. பிள்ளையின் கை, சாப்பாட்டுக்கு முன்னும் கழிவறைக்குப் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்க வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். கீரிப்பூச்சியின் முட்டை நகக்கண்ணிலும் போர்வையிலும்தான் ஒட்டியிருக்கும். போர்வை, ஜட்டியில் இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். ஒரு பிள்ளைக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் மருந்து, படுக்கைத் துணி எல்லாம் சுடுதண்ணீரில். ஒரு வயது முதல் 19 வயது வரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்குள் என்றால் அரை மாத்திரை. அந்த நாளைத் தவற விடாதீர்கள். பொருநை அக்கா, உங்கள் முற்றத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். செருப்புப் போட்டு விளையாடட்டும், கொக்கிப்புழு கால் வழியாகவே ஏறும்.

பொருநை, நெல்லை:
மாத்திரை கொடுக்கிறோம். செருப்புதான் அவர்கள் காலில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் நான் சொன்னதை விட்டுக்கொடுக்க மாட்டேன். பிள்ளை சட்டையில் மண்ணைக் கண்டதும் கத்துகிற வீடுகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் ஒரு பொம்மையைத் தொடவே அம்மா முகத்தைப் பார்க்கிறார்கள். சாயந்திரம் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருக்கும் அம்மாவிடம் கதை கேட்க எந்தப் பிள்ளை போய் உட்காரும்?

கார்த்தி அப்பா, கோவை:
இவ்வளவு நேரம் பேசியும், துடைப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். அதிலும் நாலில் ஒரு ஆண்தான் அந்த வேலைப் பக்கமே வருகிறார். வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போதே யார் தலையில் சுமை ஏற்றுகிறோம் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. இந்த நிலையில் ஒரு பெண்ணைச் சோம்பேறி என்பது அநியாயம்.

பாரதி, பல்லாவரம்:
கார்த்தி, இதைப் பெண்ணுக்கு மட்டும் என்று நான் சொல்லவே இல்லை. என் வீட்டில் பாத்திரமும் குளியலறையும் அவர் பொறுப்பு. சோம்பல் என்று நான் சொன்னது, இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு 'பிள்ளைகள் வீடு' என்று பெயர் வைப்பதைத்தான். சுமை அதிகம் என்றால் பங்கு போட வேண்டும். தரத்தைக் குறைப்பது தீர்வு ஆகாது.

கார்த்தி அப்பா, கோவை:
பங்கு போடக் கணவன் இல்லாத வீடு உண்டு. இரவுப் பணிக்குப் போகும் அம்மா உண்டு. அவர்களுக்குத் தரம் குறையத்தான் செய்யும், குறையட்டும். வார்டு அக்கா சொன்ன பூட்டு, கை, நகம், போர்வை, அதோடு சமையல் மேடை. இவை நடந்தால் போதும். கூடத்தில் பொம்மை சிதறிக் கிடப்பதால் யாருக்கும் காய்ச்சல் வராது. வரும் விருந்தாளிக்குத்தான் முகம் சுளிக்கும்.

ராஜி பாட்டி, தஞ்சாவூர்:
தம்பி, பொம்மையாலும் காய்ச்சல் வரும். பால்கனியிலும் மொட்டை மாடியிலும் பிள்ளைகள் விட்டுவிட்டு வரும் செப்புச் சாமான், வாளி, உடைந்த லாரி பொம்மை எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர் நிற்கிறது. டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, இந்த மாதிரித் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் மறக்காதீர்கள், வருஷக்கணக்கில் அதைத் தொடாத வீடுகள் உண்டு. வாரம் ஒரு நாள் கிழமை குறித்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

இன்னொன்று. மூன்று வயதுப் பிள்ளைக்கு எடுத்து வைக்கத் தெரியும். என் பேரன் பேத்திகளிடம் எல்லாச் சாமானையும் ஒரே நாளில் கொட்டுவதில்லை. பாதியைப் பரணில் ஏற்றிவிட்டு வாரம் மாற்றி இறக்கினால் புதுசு மாதிரி ஆவலோடு விளையாடுவார்கள், அள்ளுவதும் பாதிதான்.

பொருநை, நெல்லை:
பரண் யோசனை நன்றாக இருக்கிறது அம்மா. ஆனால் எடுத்து வைக்கவில்லை என்று பிள்ளையை அடிக்காத வீடாகவும் இருக்கட்டும்.

பாரதி, பல்லாவரம்:
அடிப்பதை நானும் ஏற்க மாட்டேன். எங்கள் வீட்டில் ஃபினாயில் இனி மேல் அலமாரியில், பூட்டோடு. பால்கனி வாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் இரவுக் கூடை எங்கள் வீட்டில் தொடரும். கூடத்தில் பொம்மை கிடந்தால் ஒன்றுமில்லை என்று கார்த்தி சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இருட்டில் அழும் பிள்ளையைத் தூக்க ஓடும்போது காலடியில் லாரி பொம்மை கிடந்தால் விழுவது நான் மட்டுமா? என் கையில் இருக்கும் பிள்ளையும்தான்.

கார்த்தி அப்பா, கோவை:
அப்படியானால் நடக்கும் வழியை மட்டும் ஒதுக்கி வையுங்கள். பிள்ளை கட்டி முடிக்காத கோபுரத்தை மூலையிலேயே விடுங்கள், காலையில் எழுந்ததும் அதைத்தான் தேடும்.

பாரதி, பல்லாவரம்:
கோபுரத்தைக் கலைக்க மாட்டேன். மற்றதெல்லாம் கூடைக்குள்தான்.