25 மீட்டரில் நம்பர் பிளேட் படிச்சா போதுமா?

முத்துநகரான்: "60 வயசுக்கு மேல லைசென்ஸே கொடுக்கக் கூடாது"ன்னு நேத்து ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்கார். சட்டத்தைப் படிச்சாரா? 40 தாண்டினாலே படிவம் 1ஏ-ல டாக்டர் சான்று கேட்கிறாங்க. 55க்கு மேல 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 25 மீட்டர்ல நம்பர் பிளேட் தெரியுதுன்னு டாக்டரே கையெழுத்துப் போட்டாச்சு. இன்னும் என்ன வேணும்?

விழித்திரை: அந்த 25 மீட்டர்தான் கோளாறே. பகல் வெளிச்சத்துல, நேரா பார்த்துப் படிக்கிறது அது. வயசானா முதல்ல அடிவாங்குறது ராத்திரிப் பார்வை. 60 வயசுல கண் பாப்பா சுருங்கி, லென்ஸ் மஞ்சளாகி, 20 வயசுக்காரர் விழித்திரைக்குப் போற வெளிச்சத்துல மூணுல ஒரு பங்குதான் போகும். கண்புரையும் இருந்தா எதிர் வண்டி ஹைபீம் லென்ஸ்ல சிதறும். கறுப்புச் சட்டையில ரோட்டைக் கடக்கிறவர் தெரியவே மாட்டார். குளுக்கோமாவா (கண் நரம்பைக் கெடுக்கிற நோய்)? நடுப்பார்வை 6/6, அதாவது குறையே இல்லை; ஓரப்பார்வை காலி. பிளேட்டைப் படிப்பார், பக்கவாட்டுல வர்ற பைக் தெரியாது.

முத்துநகரான்: அதே படிவத்துல மாலைக்கண் இருக்கான்னும் கேட்டிருக்கே! அதை மட்டும் வசதியா விட்டுட்டீங்க.

விழித்திரை: மாலைக்கண் வேற, கூசின கண் திரும்பப் பழைய நிலைக்கு வர்ற நேரம் வேற. ஓரப்பார்வை அளக்கச் சொல்லி எந்த வரியில இருக்கு, காட்டுங்க. 25 மீட்டர், 25 மீட்டர்னு அதையே பிடிச்சுத் தொங்குறீங்க. 60 கி.மீ. வேகத்துல வண்டி நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகுது. வயசாகி பிரேக்குக்குக் கால் போக அரை நொடி தாமதமானா 8 மீட்டர் போச்சு.

பைபாஸ்_பாண்டி: ஹாலஜன் பல்புக்குன்னு செஞ்ச ஹெட்லைட் ரிஃப்ளெக்டர்ல எல்இடி பல்பை மாட்டிட்டு வர்றவனை முதல்ல பிடிங்க. பல்போட ஒளி வர்ற இடம் மாறுது, வெளிச்சம் மேல சிதறுது. பெரியவங்க கண்ணைக் குறை சொல்லாதீங்க.

விழித்திரை: அதே வெளிச்சம் 25 வயசுக்காரர் கண்ணுலயும்தான் விழுது. அவர் சீக்கிரம் தெளிஞ்சுடுவார். உங்க பல்பு சண்டைக்கு வேற விவாத இழை திறங்க.

பைபாஸ்_பாண்டி: போன வாரம் டயர் காத்து விஷயத்துலயும் இப்படித்தான் விரட்டினீங்க. இது என்ன உங்க வீட்டுத் திண்ணையா?

முத்துநகரான்: வேகமா ஓட்டிச் சாகிறது இளவட்டம். பெரியவங்க நிதானமா ஓட்டுறாங்க.

விழித்திரை: நிதானம் நேர் ரோட்டுல உதவும். மீடியன் (ரோட்டு நடுத்தடுப்பு) இடைவெளியில வலது திரும்பறப்போ எதிர்வண்டியோட வேகத்தைக் கணிக்கணும், கழுத்தையும் முழுசா திருப்பணும். ரெண்டுமே வயசோட குறையுது. அந்த நேரத்துல மெதுவா ஊர்ந்தா ரோட்டுக்கு நடுவுல நிக்கிற நேரம்தான் கூடும். ஜப்பான்ல 75 தாண்டினா புதுப்பிக்க அறிவாற்றல் சோதனை உண்டு. குறிப்பிட்ட விதிமீறல் செஞ்சவங்களுக்கு 2022 மே முதல் ஓட்டிக் காட்டும் தேர்வும் வந்தாச்சு. அவங்க பிளேட்டோட நிறுத்தலை.

முத்துநகரான்: ஜப்பான்ல வீட்டு வாசல்ல ரயில் நிக்கும். இங்க ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ நீங்க அனுப்புவீங்களா?

விழித்திரை: லைசென்ஸைப் பிடுங்கச் சொல்லலை. ஓரப்பார்வையை அளங்க, கண்புரை இருந்தா அறுவை செஞ்சுட்டு ஓட்டச் சொல்லுங்க, சளிக்குத் தர்ற, தூக்க மாத்திரை மாதிரி அசத்துற குளோர்ஃபெனிரமின் மாத்திரை போட்ட அன்னைக்குச் சாவியைத் தொட வேண்டாம்னு எழுதிக் கொடுங்க.

முத்துநகரான்: சட்டத்துல இருக்கிறது 25 மீட்டர். மாத்தணும்னா டெல்லிக்கு எழுதுங்க.

விழித்திரை: ஓரப்பார்வை எந்த வரியில? இன்னும் காட்டலை நீங்க.